ஓவும் ஒத்துவராத இரத்தம்

திருகோணமலை ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் நான் வேலைக்குச் சேர்ந்தது சண்டைக் காலத்தில். நகரத்தில் மின்சாரம் நினைத்த நேரம் வரும், நினைத்த நேரம் போகும். எங்கள் குளிர்ப்பெட்டிக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடும். அதனால் எனக்குச் சிநேகிதர்கள் அதிகம். இரத்தம் இருக்கிற பெட்டிக்குள் சோடாப் போத்தல் வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துபோகும்.

ஒருநாள் காலை, சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு கர்ப்பிணியின் இரத்தம் பரிசோதனைக்கு வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்ததால் அவளுக்கு சிசேரியன் செய்ய வேண்டும். இரத்தம் நிறையப் போகலாம் என்று டொக்டர் முன்கூட்டியே கேட்டிருந்தார். வகை பார்த்தேன், ஓ. ஓ எங்களிடம் தாராளமாக இருந்தது. ஆனால் அவளுடைய இரத்தத்தோடு பொருத்திப் பார்க்கும்போது எந்தப் பையை எடுத்தாலும் குழாயில் தயிர்போலத் திரண்டது. திரளும் இரத்தத்தை ஏற்ற முடியாது.

வெளியே அவளுடைய கணவர் சட்டைக் கையை மடித்தபடி நின்றார். மெலிந்த மனிதர், மீன்பிடித் தொழில்.

"என்ரையை எடுங்கோ மிஸ். நானும் ஓதான்."

பார்த்தேன். ஓதான். அதுவும் திரண்டது.

"கலியாணத்துக்கு முந்தி ஐயர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் எண்டவர் மிஸ்," என்றார் அவர் கவலையோடு. "இது அதில இல்லைப் போல."

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. படிக்கிற காலத்தில் கேட்ட ஒரு பாடம் மெல்ல நினைவுக்கு வந்தது. செங்குருதிக் கலங்களின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான் இரத்த வகை. ஓ வகைக்காரருக்கும் நுனியில் ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை இருக்கும். மிக அரிதாகச் சிலருக்கு அதுவும் இருக்காது. அவர்களுடைய உடம்பு ஓ இரத்தத்தையே அந்நியமாகக் கண்டு தாக்கும். மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினோம். நான் நினைத்தது சரியென்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த இரத்தம் தங்களிடமும் இல்லை, கூடப் பிறந்தவர்களைப் பாருங்கள் என்றார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். புல்மோட்டையில் மணல் ஆலையில் வேலை. மீன் லொறிக்காரர் ஒருவரிடம் செய்தி சொல்லிவிட்டோம். அதே லொறியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறி அவர் வந்து சேர்ந்தார். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறிய கதையை ஊசி குத்தும் வரைக்கும் நிறுத்தாமல் சொன்னார்.

"ஒரு ஆமிக்காரன் கேட்டான், தங்கச்சிக்குக் குடுக்க வேற ரத்தம் இல்லையோ எண்டு. இல்லையாம் ஐயா, கொழும்பிலயும் இல்லையாம் எண்டனான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்திட்டு, சரி கெதியாப் போ எண்டிட்டான்."

ஊசியைக் கண்டதும் கதை நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதலில் ஒரு சின்னக் குழாயில் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். திரளவில்லை. நம்பாமல் இன்னொருமுறை செய்தேன், அப்போதும் இல்லை. ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அண்ணனிடம் ஒரு பை இரத்தம் எடுத்தோம். சத்திர சிகிச்சையில் அந்தப் பை தேவைப்பட்டது. தாய் பிழைத்தாள். பெண் குழந்தை. கொஞ்சம் மஞ்சள் பிடித்து, நீல வெளிச்சத்தின் கீழே கிடந்து தேறியது.

எல்லாம் முடிந்தது என்று நான் இருந்தபோது கணவர் திரும்பவும் ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றார். பிள்ளையின் இரத்த வகையைத் தாதி சொல்லியிருக்கிறார். ஏ.

"நான் ஓ. அவவும் ஓ மாதிரித்தான் எண்டனீங்கள்," என்றார் மெதுவாக. "நான் ஒண்டும் நினைக்கேல்லை மிஸ். என்ர அம்மாதான், ரெண்டு ஓவுக்கு ஏ எப்பிடிப் பிறக்கும் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறா."

அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"ஏ வகையை ஆக்கிறதுக்கு உடம்பில ஒரு நொதியம் இருக்கு, அண்ணை. அது கண்ட கண்ட இடத்தில வேலை செய்யாது. ஃபியூக்கோஸ் இருக்கிற சங்கிலியிலதான் தன்ர சர்க்கரையை ஒட்டும். உங்கட மனிசிக்கு ஃபியூக்கோஸ் இல்லை. அதால அவவின்ர நொதியம் ஒட்ட இடமில்லாமல் சும்மா இருந்தது. பிள்ளைக்கு ஃபியூக்கோஸ் உங்களிட்டயிருந்து வந்தது, ஏ தாயிட்டயிருந்து வந்தது."

அவர் ஒரு விரல் நுனியில் மற்ற விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் குடுத்ததிலதான் அவவின்ர ஏ ஏறி நிக்குதோ?"

"ஓம். ரெண்டு பேரும் இல்லாட்டி அது வராது."

முகம் முழுக்கச் சிரிப்பு. உடனே அது மறைந்தது. "அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ மிஸ். எனக்கு ஏலாது."

வாட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா சர்க்கரையையும் சங்கிலியையும் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஏ தாயிட்டயிருந்துதானே வந்தது, வேற ஆரிட்டயும் இல்லையே?" என்றார். ஓம் என்றேன். "அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பக்கம் போனபோது பக்கத்துக் கட்டில்காரியிடம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"என்ர மருமகளின்ர ரத்தம் லேசில கிடைக்காது, பிள்ளை. காசு குடுத்தாலும் எடுக்க ஏலாது."