கட்டில் போட்ட லாரியில் ஹம்பிக்கு

ஆம்பூரிலிருந்து ஹம்பிக்கு எங்கள் தோல் லாரியிலேயே போய், அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து வீடு திரும்பினோம். நான், என் மனைவி மைமூன், அவள் தம்பி கரீம் என மூன்று பேர். போக மட்டும் ஏறத்தாழ இருநூற்று எண்பது மைல். மார்ச் கடைசி, நல்ல வெயில்.

பல்லாரிச் சந்தையில் தோல் வரத்தைப் பார்க்க எப்படியும் போக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே ஒரு ராஜ்யத்தின் தலைநகரம் இடிந்து கிடக்கிறதாம், பார்த்தே ஆக வேண்டும் என்றாள் மைமூன். லாரியின் பின்பக்கத்தைக் கழுவி, இரண்டு கட்டில் பூட்டி, கித்தான் திரை கட்டினேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக ஓட்டினேன்.

அந்த லாரியில் பாதிப் பங்கு கரீமுடையது. குடியாத்தத்தில் ஒருவர் கேட்கிறார், தள்ளிவிடலாம் என்று அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். தலைச்சுமையாகத் தோல் விற்று வந்தவன் நான். என் பெயர் எழுதிய வண்டியை எப்படி விடுவேன்? கிளம்பும்முன் ஒரு பேச்சுக்கு வந்தோம். வழியில் ஒரு தடவையாவது மாடு கட்டி இழுக்க நேர்ந்தால் வண்டியை விற்றுவிடுவது. இல்லையென்றால் விற்கும் பேச்சையே எடுப்பதில்லை.

பேரணாம்பட்டு மலை ஏறி, பலமனேர், மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தப்பூர். அதற்கு மேல் மரம் கம்மி, கல் ஜாஸ்தி. பல்லாரியில் சந்தை வேலை முடித்து ஹம்பியை நெருங்கும்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோனது போல் மலைமலையாகப் பாறைகள். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் பின்சக்கரம் ஒரு பழைய கல்வாய்க்காலில் இறங்கிவிட்டது. டம் என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தின் மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங்கின் பெரிய இரும்புப் பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது.

"இன்னா மச்சான், மாடு பாக்கட்டுமா? அதோ ரெண்டு ஜோடி நிக்குது. கொம்புல பெயிண்ட் கூட அடிச்சி ரெடியா வச்சிருக்கான்" என்றான் கரீம்.

"வாய மூடிக்கினு ஜாக்கிய எடு."

என் தோல் மண்டியில் பதனிட்ட தோல் வார் கைவசம் இருந்தது, முதல் தரச் சரக்கு. உடைந்த பட்டையைச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். நூறு கஜம் போவதற்குள் வார் நீண்டு, வண்டி மறுபடி சாய்ந்தது.

"உங்க சரக்கு செருப்புக்கு நல்லதுங்க. இடுப்பு ஒடிஞ்ச வண்டிக்கு வளைஞ்சில்ல குடுக்குது" என்றாள் மைமூன், திரைக்குள்ளிருந்து.

இறங்கி நடந்தேன். எதிரே அந்தக் காலத்துக் கடைவீதி. இருபுறமும் கல்தூண் வரிசை கண்ணுக்கெட்டும் தூரம் போகிறது. ஒரு கடைக்குள் எத்தனை கட்டுத் தோல் அடுக்கலாம் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அப்படியொரு கடையில், இரண்டு தூணுக்கு நடுவே ஒரு ஆட்டுத்தோல் விரித்துக் கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் ஈரண்ணா என்பவருடையது. விரலால் சுண்டினேன், மேளம்போல் அதிர்ந்தது.

எங்கள் தொழிலில் அது தள்ளுபடிச் சரக்கு. பதனிடாமல் பச்சையாகவே காய்ந்து விறைத்துவிட்டால் கழிவு என்று ஒதுக்கிவிடுவோம். தோலை இளக்கியே பழகிய கைக்கு, அந்த விறைப்புதான் அன்று வேண்டியது என்று அதுவரை தோன்றவில்லை.

ஈரண்ணாவிடம் அன்று காலையில் உரித்த தோலும் ஒன்று இருந்தது. தெலுங்கில் பேரம் பேசி எட்டணாவுக்கு வாங்கினேன். சுற்றிச் சுற்றி ஒரே வாராக அறுத்து, வேலமரக் கட்டை ஒன்றை உடைந்த பட்டையோடு சேர்த்து வைத்து, ஈரத்தோடு நெருக்கிச் சுற்றினேன். பச்சைத் தோல் காயக் காயச் சுருங்கி இறுகும்; மீதியை வெயில் பார்த்துக்கொண்டது.

காயும் வரை ஊர் முழுக்கச் சுற்றினோம். கல்லிலேயே செய்த தேர், யானைகளைக் கட்டிய கொட்டாரம், ராணிகள் குளித்த கல்குளம். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கல்தொட்டிப் பாதையை மைமூன் கடைசி வரை தொடர்ந்து போய்ப் பார்த்தாள். கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும். சாயங்காலம் வந்து ஸ்பிரிங்கில் போட்ட தோல் கட்டைத் தொட்டேன், நகம் இறங்கவில்லை. ஜாக்கியை எடுத்த பிறகும் வண்டி நேராக நின்றது.

திரும்பும்போது, கதிரிக்கு முன்னால் வறண்டு கிடந்த ஓடையில் எங்கோ பெய்த மழையால் முழங்கால் தண்ணீர். நனைந்தால் கட்டு இளகிவிடும். நான் யோசித்து முடிப்பதற்குள் கரீம் கீழே குதித்து, தன் கட்டில் மேல் போட்டிருந்த மெழுகுத்துணியை ஸ்பிரிங்கில் சுற்ற ஆரம்பித்தான்.

"நனைஞ்சா உனக்குத்தானே லாபம்?" என்றேன்.

"சும்மா ஓட்டுங்க மச்சான், பேஜார் பண்ணாம."

போக நினைப்பவர்களுக்கு: ஹம்பியில் கடை கிடையாது, அரிசி பருப்பை ஹோஸ்பேட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் இரண்டு டின் கூடுதலாக இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொடுக்காதீர்கள். கடைசி மைலில் பாறையைப் பார்க்காமல் பாதையைப் பாருங்கள்.

மாடு கட்டாமல் ஆம்பூர் வந்து சேர்ந்தோம். அன்றே கரீம் வேறு பேச்சை எடுத்தான்: இப்படி உழைக்கிற வண்டியை வெளியாளுக்கு விட இப்போது அவனுக்கும் மனமில்லை, என் பாதியையும் அவனுக்கே விற்றுவிட வேண்டுமாம். கொடுப்பேனா? பேசி முடித்தது இதுதான்: வண்டி இருவருக்கும் பாதிப் பாதி, மாதம் ஒரு நடை பல்லாரிக்கு அவன் ஓட்டுவான், லாபத்தில் ரூபாய்க்கு இரண்டணா அவனுக்குக் கூடுதல், புது ஸ்பிரிங் என் செலவு.