மகேஸ் பக்கச் சக்கரம்

காலை ஆறு இருபதுக்கு என் வீட்டு வாசலில் ஓர் உரசல் சத்தம் கேட்கும். குணாவின் கார் தெருவிலிருந்து எங்கள் டிரைவ்வேயில் ஏறும்போது அதன் வயிறு சிமெந்தில் தேய்கிற சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறரை ஆகியும் சத்தம் இல்லை. நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில் முழுக்க மூடுபனி. வரட்டும், இன்றைக்கு நல்லாய் ஏசவேண்டும் என்று நின்றபோது தொலைபேசி அடித்தது. அவன் மனைவி மகேஸ்வரி. "அண்ணே, அவரு எந்திரிக்கல. ஆம்புலன்ஸ்காரங்க வந்துட்டாங்க. ஆனா எல்லாரும் சும்மா நிக்கிறாங்க அண்ணே," என்றார்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. எனவே குணா இங்கே 'அவன்'தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயிலுக்கு வரும் உங்களில் பலருக்கு அவனைவிட அவனுடைய காரைத்தான் தெரியும். ஈப்போவில் பிறந்தவன், பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், தரையோடு தரையாய்ப் போகும் வெள்ளைக் கார் வைத்திருந்தவன். அதே கிடங்கில் சாமான்களை அனுப்பும் மேசையில் இருப்பவன் நான். பதினொரு வருடங்கள் அவனோடுதான் வேலைக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரத்தில் மோட்டர்வேயில் போகும்போது நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. பனிக்குள் மற்றக் கார்களின் சக்கரங்கள் என் கண் மட்டத்தில் மெதுவாய் உருண்டுபோகும். பாதி நித்திரையில் ஆற்றில் மிதந்து போவது போல இருக்கும். அவனும் ரேடியோவைப் போடமாட்டான்.

கோயில் வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறதல்லவா? அங்கே வந்ததும், "எல்லாம் எறங்கு லா," என்பான் தன் ஈப்போப் பேச்சில். ஆட்கள் இறங்கினால்தான் கார் இடிக்காமல் தாண்டும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு அடி நடந்துபோய் அந்தப் பக்கம் திரும்ப ஏறுவோம். நீங்களெல்லாம் பார்த்துச் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நடந்தேன். போன வருடம் நவராத்திரிக்கு மகேஸ்வரி பட்டுச் சேலையோடு, கையில் சுண்டல் பாத்திரத்தோடு இறங்கி நடந்தார். யாரோ கைதட்டினார்கள். பாத்திரத்தைக் கோயிலில் வைத்துவிட்டு அவர் திரும்பி வந்து, "இனிமே நான் இந்தக் காடில ஏறமாட்டேன்," என்றார். அவர்கள் பேச்சில் காருக்குப் பெயர் 'காடி'. ஏறவும் இல்லை. ஒரு வருடம் பஸ்ஸில்தான் கோயிலுக்கு வந்தார். பக்கத்து ஆசனம் காலியாய்க் கிடக்க, அவன் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வருவான்.

"உனக்கென்ன விசரே? காரோட வந்த பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு உயர்த்திவிடன்," என்றேன் ஒருநாள்.

"அப்படிப் போட்டா அது டாக்சி லா," என்றான்.

அதற்குப் பதிலாக கொயிலோவர் வாங்கினான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்து வரும் சாமான். அதில் மரை ஓடியிருக்கும். அதிலுள்ள வளையத்தைத் திருகினால் காரின் உயரம் கூடும், குறையும். பார்வைக்குக் கார் தாழ்வாகவே இருக்கவேண்டும், மகேஸ் பக்கத்தில் இருக்க வேகத்தடையை உரசாமல் தாண்டவும் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரத்தைத் தேடினான். தீபாவளிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவது திட்டம். "சொல்லிராத லா. ஏறி உக்காந்தப்புறம் அவளே தெரிஞ்சுக்கட்டும்," என்று என்னிடம் வாக்கு வாங்கினான்.

அவனுடைய சனிக்கிழமைகளில் என் வேலை பாரமாய் இருப்பது. "காலி காடி பொய் சொல்லும். ஆளு உக்காந்தாதான் உயரம் தெரியும்," என்பான். அவனுடைய எடை எண்பத்து நான்கு கிலோ. நான் அறுபத்து நான்கு. ஆகவே ஓட்டுநர் ஆசனத்தில் நான் இருந்து, மடியில் இருபது கிலோ அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டால் ஒரு குணா. மகேஸ்வரியின் இடத்தில் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பை வெங்காயமும். வளையத்தைத் திருகி, ஜாக்கை இறக்கி, "எறங்கின ஒடனே நம்பாத. ஸ்பிரிங் உக்காரணும்," என்று காரை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, எங்களை ஏற்றி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை, அவன் சக்கரம் சக்கரமாய் அளப்பான். அசையாதே என்பான். மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நான் கண்ணயர்ந்துவிடுவேன். கராஜ் கதவால் வெயில் வந்து காலில் விழும். எங்கேயோ புல் வெட்டுவார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு நித்திரை எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே காகித டேப் ஒட்டி, வரவேண்டிய அளவை எழுதியிருந்தான். கடைசிச் சனிக்கிழமை மூன்று சக்கரங்கள் அளவுக்கு வந்துவிட்டன. முன் இடது மட்டும் மிச்சம். மழை பிடித்துக்கொண்டது, எனக்கும் பசி. "அடுத்த சனிக்கிழமை பாப்பம், வா," என்று இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அவன் இறந்த பன்னிரண்டாம் நாள் மகேஸ்வரி கூப்பிட்டார். பதினாறாம் நாள் காரியச் சமையலுக்கு வாங்கிய அரிசி மூட்டைகளை அப்போது அவர்கள் கராஜில் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் காரைப் பார்க்காமலே கதைத்தார்.

"இத யாருக்காச்சும் குடுத்துருங்க அண்ணே. பாக்கவே புடிக்கல. கடைசி மாசம் பூரா இதுக்கு அடியிலதான் கெடந்தாரு. இன்னும் எறக்குறாருன்னு நெனச்சு நான் மொகம் குடுத்துப் பேசல. கடைசி சனிக்கிழம சோறுகூட எடுத்து வைக்கல அண்ணே."

வாக்காவது மண்ணாவது. "தங்கச்சி, அவன் இறக்கேல்லை. ஏத்தினவன்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முன் இடது சக்கரத்தின் மேலிருந்த டேப்பைக் காட்டினேன். அவனுடைய கோணல் எழுத்தில் 'மகேஸ் பக்கம் 340' என்று இருந்தது. மகேஸ்வரி அதை வாசித்துவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன், எனக்கும் தேவைப்பட்டது.

"எவ்ளோ கொறையுது?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எட்டு மில்லிமீட்டர்."

"செஞ்சிருங்க. இப்பவே."

பாரமாய் இருந்தவனுக்குத் திருகத் தெரியுமா? ஆனாலும் கண்ட பழக்கத்தில் ஜாக் வைத்து, வளையத்தைத் திருகி, இறக்கி, முன்னும் பின்னும் ஓட்டினேன். அளப்பதற்கு நான் வெளியே நிற்கவேண்டும். அப்படியானால் குணா யார்? மகேஸ்வரிதான் மூட்டைகளைக் காட்டினார். நான்கு மூட்டை அரிசியும் நான்கு ஒரு கிலோப் பருப்புப் பைகளும் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறின. சரியாமல் இருக்க சீட் பெல்ட்டைப் போட்டேன். பிறகு, ஒரு வருடத்துக்குப் பிறகு, மகேஸ்வரி இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார்.

குனிந்து அளந்தேன். முந்நூற்று நாற்பது. முதல் தடவையிலேயே.

முடிந்தது என்று சொல்ல நிமிர்ந்தேன். ஜன்னல் கண்ணாடிக்குள் அவர் ஓட்டுநர் ஆசனப் பக்கம் திரும்பியிருந்தார். பெல்ட் கட்டிய மூட்டையின்மேல் ஒரு கை இருந்தது. மிகவும் தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பக் குனிந்துவிட்டேன்.

"வந்துருச்சா அண்ணே?"

"இல்லைத் தங்கச்சி. இன்னும் கொஞ்சம் கிடக்கு. இருங்கோ," என்றேன்.

அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாய், வெறும் நிலத்தில் ஸ்பானரைத் தட்டிக்கொண்டு, அந்தச் சக்கரத்தடியிலேயே கிடந்தேன். வெயில் கராஜுக்குள் வந்து, சுவரில் ஏறி, மெல்லப் போனது. அவர் கதவைத் திறந்து இறங்கிய பிறகுதான், "சரி, வந்திட்டுது," என்றேன்.

இந்த வருடம் கொண்டாட்டம் இல்லை, ஆனாலும் தீபாவளியன்று கோயிலுக்கு மகேஸ்வரிதான் காரை ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். வேகத்தடை வந்ததும் என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. "இருங்க அண்ணே, இடிக்காது," என்றார். இடிக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டிவிட்டோம். இருவரும் அழுதோம், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இடது சக்கரத்து டேப்பை அவர் தன் பூஜை அறையில் ஒட்டியிருக்கிறார். வலது சக்கரத்தில் இருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனும், அவனுக்காக நானும், மாறி மாறி இருந்த பக்கம் அது. பென்ரோஸில் என் மேசைக் கணினியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதில் குணா எழுதியிருப்பது: 'நம்ம பக்கம் 340.'