குடிலுக்குப் பின்னால் பனி

அந்த டிசம்பரில் எங்கள் ஊர்க் கோயிலின் கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்புறத் திரை வரைந்து தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். அங்கன்வாடிச் சுவரில் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு ஃபாதர்தான் கேட்டார். பனி மூடிய மலை, ஊசியிலை மரங்கள், நடுவில் ஒரு பாதை வேண்டும் என்றார்.

"மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால பனி ஏது ஃபாதர்?"

"பிள்ளைகளுக்குப் பிடிக்கும்மா" என்று சிரித்தார்.

அந்த வாரமே கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எல்லை தாண்டியதாக அவர் போன விசைப்படகைப் பிடித்து, ஆட்களை இலங்கையில் சிறை வைத்துவிட்டார்கள் என்று மீனவர் சங்கத்தில் சொன்னார்கள். பெண்களெல்லாம் பஸ் ஏறி ராமநாதபுரம் போய், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அதற்கு மேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஃபாதர் வீட்டுக்கே வந்து, "திரை வேணாம்மா, விடு" என்றார்.

"இருக்கட்டும் ஃபாதர். சும்மா உக்காந்திருக்க முடியல."

கோயில் ஹாலில் காடாத் துணியை இழுத்துக் கட்டி வெள்ளை டிஸ்டம்பர் அடித்தேன். பனியை நான் பார்த்ததில்லை. செல்போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் வரைந்து காட்டும் வீடியோதான் துணை. முதலில் வானம். பிறகு தூரத்து மரங்கள், சாம்பல் நீலத்தில், இருக்கா இல்லையா என்பதுபோல. கிட்டத்து மரங்கள் கடைசியில். வெறும் வெள்ளை சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. நிழலுக்குத் துளி நீலம் கலந்தபோதுதான் பனியானது. மழைக்கால ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் பாதி நாள் போய்விடும். என்ன செய்தும் என் மரங்கள் சவுக்கு மாதிரியே வந்தன.

துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, "இந்தக் குளிருல மனுசன் எப்படித்தான் இருப்பானோ" என்றாள். படத்தைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிடிபட்டவர்களின் வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டேன். கிளைகளின்மேல் பனி வைக்கிற வேலை. பிரஷ் சரிப்படாமல் விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ நின்று போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர்.

பச்சையைத் தள்ளினேன். நகரவில்லை. விரலெல்லாம் ஈரப் பெயிண்ட். சேலையில் துடைத்துத் துடைத்துத் தள்ளினேன். போன் கண்ணாடி முழுக்க வெள்ளை இழுவிக்கொண்டதுதான் மிச்சம்.

"எடுடி, எடு!" அக்கா ஓடிவந்து பிடுங்குவதற்குள் நின்றுவிட்டது.

கையைக் கழுவிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த நம்பரிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாதென்று பதிவு செய்த பெண்குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். அக்கா போனிலும் அதேதான். அந்த நம்பரை வைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சங்கத் தலைவர் பேசினார். "காவல நீட்டிச்சிட்டாங்கம்மா. அங்கன உள்ள வக்கீல் இரக்கப்பட்டு, தன் போனக் குடுத்து ஆளுக்கு ஒருதடவ வீட்டுக்குப் பேசச் சொல்லிருக்காரு. ஒன் வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"



கிறிஸ்மஸ் இரவு குடிலுக்கு முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். "நெசப் பனி மாதிரியே இருக்கு" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பொங்கல் கழிந்துதான் ஆட்களை விட்டார்கள். படகை விடவில்லை. தாடியும் ஒட்டிய கன்னமுமாக வேனிலிருந்து இறங்கினார். சாப்பிட வைத்துவிட்டு, போன் எடுக்க முடியாமல் போனதைச் சொன்னேன்.

"ரிங் போச்சுல்ல. அதயே கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு காலையில், "நாளைக்கு வேற படகுல கடலுக்குப் போறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எந்த வேலைக்குப் போகச் சொல்வது? எழுந்து போய் அவருக்குக் கட்டிக்கொடுக்கப் புளிக்குழம்பு வைத்தேன்.