மூச்சு விடுகிற வேலை

மூச்சு விடுவதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதிலும் மனுசர் களைத்துப்போவார்கள் என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். எண்பதுகளில் மொன்ட்ரியாலில் வந்து இறங்கி, கோப்பை கழுவி, நிலம் துடைத்து, அகதிக் கேஸ் எப்போது முடியும் என்று காத்துக் கிடந்த உங்களுக்குக் களைப்பைப் பற்றி நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எனக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. பிறவியிலேயே மெல்லிய குரல். அகதி விசாரணைக்கு லோயருக்கு முன்னால் ஒத்திகை பார்க்கும்போது, ஊரில் ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் வந்த இடத்துக்குக் கதை வந்ததும் அந்தக் குரலும் நின்றுவிடும். கை மட்டும் நடுங்கும். நடுங்காமல் சொல்லப் பழகு, பாதிக் கதையோடு நின்றால் விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று லோயர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞானி அகப்பட்டார்

மத்தலேன் என்ற அம்மாவின் தியான மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஒருநாள் விடியப்புறம் பேக்கரியிலும் வேலைக்கு நின்றுவிட்டு வந்த அலுப்பில், அங்கே கிடந்த மெத்தை ஒன்றில் சம்மணம் கட்டி இருந்து பார்த்தேன். இருந்தபடியே நித்திரை. கண் விழித்தால் முன்னால் மத்தலேன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். எந்த நாடு என்று கேட்டார். சிலோன் என்றேன். அவ்வளவுதான். புத்த கோயில்களின் நாட்டில் பிறந்தவன், பாலோடு தியானத்தையும் குடித்து வளர்ந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் சைவக்காரன், அந்த அமைதியான நாட்டிலிருந்துதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் குரல் அவருடைய காதுவரைக்கும் போகவில்லை. அன்றிலிருந்து நிலம் துடைப்பதோடு, வகுப்புக்கு முன்னால் அசையாமல் இருந்து மூச்சு விட்டுக் காட்டுவதும் என் சம்பள வேலையாயிற்று.

"உன் தேசத்தின் அமைதி முழுவதும் உன் முகத்தில் தெரிகிறது," என்றார் மத்தலேன்.

அலுமாரித் தவம்

எத்தனை நாளைக்கு நித்திரையைத் தியானமாக விற்கலாம்? உண்மையாகவே பழகத் தொடங்கினேன். கை நடுக்கம் நின்றால் கேஸுக்கும் உதவுமே. ஒவ்வொரு நாளும், ஒரே நேரம், ஒரே இடம் என்பது மத்தலேனின் சட்டம். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடினால் ஏசாமல் கூட்டிக்கொண்டு வரவேண்டும். என் மனமோ கூட்டிக்கொண்டு வரமுந்தி லோயர் வீட்டுக்கும் எங்கள் ஒழுங்கைக்குமாகப் பத்துத் தரம் போய் வந்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரே இடத்துக்கு எங்கே போவது? செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் சமைக்கிற குசினிக்குள்ளும் ஆள் படுத்திருக்கும். காலியாக இருந்தது குளிர்ச் சாக்கெட்டுகள் தொங்குகிற சுவர் அலுமாரி ஒன்றுதான். அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பப்பா சொன்ன கதைகளில், தவம் இருப்பவரைச் சுற்றிப் புற்று வளரும். கடைசியில் கடவுளே நேரில் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்பார். என் கதவைத் திறந்தவர் செல்வண்ணை. எங்களோடு இருந்தவர், ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர், வேலைக்குப் பிந்திவிட்ட பதற்றம்.

"தம்பி, நீ தவத்தைக் கலையாதை. உன்ரை தலைக்கு மேலை தொங்கிற நீலச் சாக்கெட்டை மட்டும் எடுத்துத் தா, பஸ்ஸை விட்டிடுவன்."

ஏரிக்கரைத் துன்பம்

மண்டபத்துச் சுடுதண்ணீர்க் குழாய் குளிர்காலத்தில் திடீரென்று டமார் என்று அடிக்கும். தொடக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். மாதக்கணக்காக இருந்து பழகியதில், பிறகு கண் இமைகூட ஆடவில்லை. மாணவர்கள் அதிசயித்தார்கள். அவர்களில் காஸ்தோன் என்ற ஓய்வுபெற்ற கனவானுக்கு ஒரு பெரிய துன்பம் இருந்தது: அவருடைய கோடைகால வீட்டு ஏரியில் யாரோ மோட்டார் படகு ஓட்டுகிறார்களாம், அந்தச் சத்தத்தால் அவருக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டதாம். உங்கள் நாட்டில் சத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

ஓடிவிடுவோம் என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். மனுசன் கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசித்தார், கண் கலங்கிவிட்டது.

"இதைச் சொல்ல என் டாக்டருக்கு ஒரு வருசம் எடுத்தது," என்றார்.

வரம்

விசாரணை நாளும் வந்தது. அதிகாரி, லோயர் அம்மா, சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர், நான். மூச்சைக் கவனித்தேன். ஆமி வந்தது, வீடு எரிந்தது, என் அண்ணையைப் பிடித்துக்கொண்டுபோனது எல்லாவற்றையும் வானொலியில் காலநிலை சொல்கிறவரைப்போலத் தெளிவாகச் சொல்லி முடித்தேன். குரல் நிற்கவில்லை. கை ஆடவில்லை. மத்தலேன் பார்த்திருந்தால் என் காலடியில் பூ வைத்திருப்பார். அதிகாரி பேனையை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ நிதானமா சொல்றீங்களே, இதெல்லாம் உங்களுக்கே நடந்ததா, இல்ல யாராவது சொல்லிக் கொடுத்ததான்னு கேக்கறார்."

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் யன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம் வந்தது. தெருவில் வாகன நெரிசல் பார்க்கிற ஹெலிகொப்டர் என்று பேந்து விசாரித்துத்தான் அறிந்தேன். குழாய்ச் சத்தத்துக்குத்தான் நான் பழகியிருந்தேன். ஊரில் தலைக்கு மேலே நின்று சுட்ட ஹெலிக்கு அலுமாரியில் பயிற்சி இல்லை. எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே தலையைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன், மொழிபெயர்ப்பாளரின் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது மட்டும். அந்த மனுசன் நல்லவர், காலை இழுக்கவில்லை. ஹெலி தூரப்போன பிறகு லோயர் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"ஐயா, இவருடைய வாக்குமூலம் இப்போதுதான் தொடங்குகிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

தியானம் நல்ல பயிற்சிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த நாட்டில் எனக்கு இருக்க இடம் தந்தது, அதில் நான் பெயிலான அந்த ஒரு நிமிசம்தான்.