உண்ணி மேடம்

எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு மாட்டுத் தோல் துண்டு ஆணியடித்து மாட்டியிருக்கிறது. ரோமம் நீக்கி, பதனிடும் வேலை பாதி முடிந்த வெளிர் நீலத் தோல். ஆம்பூர் டேனரி ஒன்றில் தரம் பிரிக்கும்போது கழித்துப் போட்டதை மேடம் கேட்டு வாங்கிவந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் முழுக்க ஊசியால் குத்தியதுபோலக் குழிகள். எல்லாம் உண்ணி கடித்த இடங்கள். மாடு உயிரோடு இருந்தவரை ரோமம் அதை மறைத்திருக்கிறது. "வர்றவங்க முதல்ல இதைப் பாக்கட்டும்" என்று அவரே சுத்தியலை எடுத்து அடித்தார்.

மேடம் கால்நடை விஞ்ஞானி, நான் அவருடைய ஆய்வக உதவியாளர். உண்ணியின் எச்சில்தான் எங்கள் பிழைப்பு. அந்த எச்சிலில் இருக்கும் புரதங்கள் கடி வலி தெரியாமல் செய்யும், இரத்தத்தை உறைய விடாது. அவற்றை மாட்டின் உடம்புக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்திவிட்டால், உண்ணி வாய் வைத்ததுமே உடம்பு விழித்துக்கொள்ளும், உண்ணியால் வயிறு நிறைய இரத்தம் குடிக்க முடியாது. மேடம் தேடியது அந்தத் தடுப்பூசியைத்தான். உண்ணியை மல்லாக்க ஒட்டுநாடாவில் ஒட்டி, வாயருகே மெல்லிய கண்ணாடிக் குழாயை வைத்துக் காத்துக் கிடப்போம். பாதி நாள் போனாலும் ஒரு சொட்டு தேறாது. மற்ற பிரிவுக்காரர்கள் அவருக்கு 'உண்ணி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அடித்த மருந்துக்கெல்லாம் உண்ணி பழகிவிட்டது, உண்ணி பரப்பும் காய்ச்சல் கண்டு மாடுகள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன என்பது அந்தக் கேலிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன!

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சோதனை நடந்தது. பாதி மாடுகளுக்குத் தடுப்பூசி, மீதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியாது. உண்ணி எண்ணும் நாளில் போய் இறங்கினால், எல்லா மாடும் குளித்துமுழுகி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக நிற்கின்றன. ஒன்றின் மேலும் ஒரு உண்ணி இல்லை. முதல் வீட்டு அக்கா பெருமையாகச் சொன்னார்: "டாக்டரம்மா வர்றீங்கன்னாங்க. அழுக்கு மாட்டையா காட்றது? ஊரே உக்காந்து ஒண்ணொண்ணா புடுங்கி நெருப்புல போட்டுட்டோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் அந்த மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்தார்.

அலுவலகத்தில் எங்கள் இயக்குநருக்கு இது வசதியாகப் போயிற்று. "தடுப்பூசி போட்ட மாட்டுல உண்ணி இல்லைன்னு எழுதுங்க. உண்மைதானே?" என்றார்.

"போடாத மாட்டுலயும் இல்லை சார். அதையும் சேத்து எழுதட்டுமா?"

"அப்படீன்னா திட்டத்தை மூடிட வேண்டியதுதான்."

"நீங்க மூடுறதுக்குள்ள நான் திரும்ப எண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லி மேடம் எழுந்துவிட்டார். இத்தனை வருட உழைப்பு கைநழுவப் போகிறது என்றே எனக்குப் பட்டது. அவர் நடையில் ஒரு தயக்கமும் இல்லை.

மறுபடி அதே ஊர், அதே அக்கா. எண்ணும் நாள் வரைக்கும் உண்ணியை எடுக்கக் கூடாது என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னாம்மா இது? உண்ணியோட மாட்டை நிக்கவெச்சா ஊரு என்னை இன்னா சொல்லும்?"

"என் பேரைச் சொல்லுங்க. இது உண்ணி மேடம் மாடுன்னு சொல்லுங்க. எண்ணி முடிச்சதும் நானே உக்காந்து எடுத்துத் தர்றேன்."

சொன்னபடியே எடுத்தும் கொடுத்தார். தடுப்பூசி போட்ட மாடுகளிலும் உண்ணி இருந்தது. ஆனால் பல உண்ணிகள் குடிக்க முடியாமல் சூம்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. முழு வெற்றி இல்லை. மேடம் அதை அப்படியே எழுதினார், திட்டமும் பிழைத்தது.

மேடம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். தடுப்பூசி இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை, நாங்களும் விடவில்லை. அடுத்த சுற்றுச் சோதனையும் அதே ஊரில்தான். போன வாரம் அந்த அக்கா போன் செய்தார்: "ஒண்ணுகூட எடுக்கலம்மா, அப்டியே இருக்குது. எப்ப வர்றீங்க?"

அதே வாரம் புதிதாக வந்த இயக்குநர் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். அந்தத் தோலை நானே ஆணி கழற்றி எடுத்துவைத்தேன், சுவர் காய்ந்ததும் நானே திரும்ப அடித்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். "இந்த அசிங்கம் இங்க எதுக்கு? எடுத்துடுங்க."

"முதல்ல உண்ணி மாட்டை விட்டுப் போகட்டும் சார்," என்றேன். "அப்புறம் இதைச் சுவரை விட்டு எடுக்கறேன்."