புளித்த கைக்காரி

டிராஹா வீட்டு வாசலில் விருந்தாளிகளுக்கென்று வீட்டுச் செருப்புகள் வரிசையாக இருக்கும். எங்கள் ஊரில் யாரும் தெருச் செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆனாலும், தனியாக இருக்கும் ஒருத்தி இத்தனை ஜோடி வைத்திருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் அடிதேயாமல் கிடந்தன.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, செக் நாட்டில் எங்கள் ஊரான யாப்லொனெட்ஸுக்குத் திரும்பி, அம்மாவின் அடுக்குமாடி வீட்டில் பொழுது போகாமல் கிடந்த குளிர்காலத்தில்தான் கீழ்வீட்டு டிராஹா அத்தையோடு நெருங்கினேன். முழுப் பெயர் டிராஹோமிரா. ஊரில் பழைய ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் புரியாது. புளித்த கைக்காரி என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

கவரிங் நகை செய்துதான் எங்கள் ஊர் சோறு தின்றது. பள்ளி முடித்ததும் மற்றப் பெண்களைப் போல அவளும் பட்டறைக்குப் போனாள். அங்கே மேற்பார்வைக்காரி, புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருத்தி கையிலும் மெருகேற்றிய பித்தளை இலை ஒன்றைக் கொடுத்து, உள்ளங்கையில் மூடி வைத்திருக்கச் சொன்னாளாம். மறுநாள் பார்த்தால் மற்றவர்களின் இலை மஞ்சளாகவே இருந்தது. டிராஹாவுடையதில் விரல் விரலாகக் கறுப்பு.

"உனக்குப் புளிச்ச கைடி. நீ தொட்டா சரக்கு கடைக்குப் போறதுக்குள்ள கரியாயிடும்" என்று சொல்லி, அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். பட்டறை மூடும்வரை அவள் மடித்தது பெட்டிதான். அந்தப் பெட்டிகளுக்குள் போன, உடையில் குத்தும் ப்ரோச்சுகளை அவள் தொட்டதே இல்லை.

கணவன் ஓட்டகர் லாரி ஓட்டினான். "கல்யாண மோதிரத்தையே தின்னவ இவ" என்று பீர்க்கடையில் சொல்லிச் சிரிப்பானாம். ஜெர்மனிக்கு ஓட்டப் போனவன் முதலில் மாதாமாதம் வந்தான். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பிறகு வாழ்த்து அட்டை மட்டும். கடைசியில் விவாகரத்துக் காகிதம் வந்தது. பிள்ளைகள் இல்லை.

போட்ட நகையெல்லாம் கறுத்ததால் அவளுக்கு அதைத் துலக்கும் வித்தை கைவந்தது. வெள்ளி முலாம் சங்கிலி என்றால் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடாவும் உப்பும் போட்டு, வெந்நீர் ஊற்றி முக்குவாள். வெறும் பித்தளைக்கு வினிகர். கண்ணாடிக் கல் பதித்ததை மட்டும் நனைக்கவே மாட்டாள். கல்லின் முதுகில் இருக்கும் ரசப் பூச்சுக்குள் தண்ணீர் போனால் கல் குருடாகிவிடும் என்பாள். அதற்குப் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பிறகு துண்டின் மேல் கவிழ்த்துக் காயப்போடுவது, அவ்வளவுதான். இந்த வேலைக்கு எப்போதும் ரப்பர் கையுறை உண்டு.

ஜனவரி பிறந்தால் நடன விழாக்கள் தொடங்கிவிடும். தீயணைப்புக்காரர்கள் விழா, வேட்டைக்காரர்கள் விழா என்று ஒவ்வொன்றாக வரும். அப்போதுதான் பெண்களுக்கு டிராஹா நினைவுக்கு வருவாள். நகையைக் கொடுக்க ஒரு தடவை வருவார்கள், வாங்க ஒரு தடவை. கப்பில் காப்பித்தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றித் தருவாள்; தூள் அடியில் படியும்வரை உட்கார்ந்து பேசுவார்கள். அவள் வீட்டில் வருஷம் முழுவதும் கேட்கும் மனிதக் குரல் அதுதான். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு வாரம் கேட்பாள். அது ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

ஒருநாள் முட்டை கடன் கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது. டிராஹா தொலைக்காட்சியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை மேசைமேல் கிடந்தது. வலது கை இறுக மூடியிருந்தது. என்னைக் கண்டதும் மெதுவாகத் திறந்தாள். உள்ளே துலக்கி முடித்த ப்ரோச்.

"பொஹ்தானாவோடது" என்றாள். "இப்படிக் கொஞ்சம் பிடிச்சுக் குடுத்தா ஈஸ்டருக்குள்ள திரும்ப வருவா. இல்லேன்னா அடுத்த குளிருக்குத்தான்."

நான் முட்டையை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

பொஹ்தானா பட்டறையில் கல் ஒட்டியவள். படியேறும்போதே குரல் கேட்கும். ப்ரோச்சை வாங்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இனிமே உனக்குத் தொந்தரவே இல்லடி டிராஹா. மேல கலரில்லாத நகப்பாலிஷ் ஒரு கோட்டிங் குடுத்துட்டா வருஷக்கணக்கா கறுக்காதாம். என் மருமக சொன்னா."

"உன் வாய்க்கும் ஒரு கோட்டிங் குடுத்திருக்கலாமே உன் மருமக."

"குடுத்துப் பாத்தா. ஒட்டல." பொஹ்தானா சிரித்தாள். "என் கை நடுங்குது, நீயே பூசிக் குடு. மத்தவளுகளையும் சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன். பாவம், நீயும் எத்தனை நாளைக்குத் தேச்சுக்கிட்டே கிடப்ப?"

டிராஹா அவள் கப்பில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். "வரட்டும்" என்றாள்.

சனிக்கிழமை எல்லாச் செருப்புக்கும் கால் கிடைத்தது. ஒருத்தி வெறும் காலுறையோடு நின்றாள். கசகசா ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் மேசையை நிறைத்தன. பாலிஷ் நெடிக்கு ஜன்னலைத் திறந்து வைத்ததால் எல்லோரும் கோட்டைக் கழற்றாமலே கத்திப் பேசினார்கள். நான் டிராஹாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசுவதற்கு முன் அவள் வெறும் விரல் ஒன்று பட்டால் போதும், கறை பூச்சுக்கு அடியிலேயே வளரும். ஒரு மாதத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் கையுறையைக் கழற்றவில்லை. மூக்கு அரித்தபோதுகூட முழங்கையால்தான் தேய்த்தாள்.

"பளபளன்னு இருக்கு. நல்லா இருப்ப டிராஹா" என்று ஒவ்வொருத்தியாகப் போனார்கள். இருட்டுவதற்குள் வீடு காலி. சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, போட வசதியாகத் திருப்பி வைத்தாள்.

"உன்னோடதைக் குடு" என்றாள் என்னிடம். நானும் அம்மாவின் காதணியைக் கொண்டுபோயிருந்தேன், இரண்டு பித்தளை இலைகள். வசந்தம் வந்ததும் மறுபடி கிளம்பப் போகிறேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். சமையலறைக்குள் கொண்டுபோய்ப் பூசி, காயவைத்து, தாளில் பொதிந்து கொடுத்தாள்.

"ஊரூரா சுத்தினாலும் கறுக்காது. போயிட்டு வா."

பனி உருகியது. அவள் வீட்டு மணி அடித்து நான் கேட்கவில்லை. தபால்காரர்கூடக் கீழேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஈஸ்டரும் வந்து போனது. பொஹ்தானா வரவில்லை.

பெட்டி கட்டும்போது அந்தப் பொதியைப் பிரித்தேன். ஓர் இலை மஞ்சளாக மின்னியது. மற்றதில் பூச்சுக்கு அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, பழுப்பு நிறத்தில்.

எடுத்துக்கொண்டு கீழே போனேன். மணியிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

"கறுத்துடுச்சா?" காதணியை அவள் பார்க்கவே இல்லை.

"ஒண்ணு மட்டும் அத்தை."

"பாலிஷைக் கரைச்சு எடுக்கணும். நேரம் பிடிக்கும்."

"பிடிக்கட்டும்."

நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் தொட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும். அது இருவருக்கும் தெரியும். அவள் ஒரு ஜோடிச் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் மாட்டிக்கொண்டேன்.