என்ஜின் உதைத்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் நான் ஒரு பழைய சின்னக் கார் வைத்திருந்தேன். நான்கு சிலிண்டர், எட்டுக் குதிரைசக்தி. தண்ணீரைச் சுற்றவிட பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் ஆறி இறங்க வேண்டும். செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் கொதித்துவிடும். குற்றாலச் சாரலில், தீப்பொறி தரும் பிளக் நனைந்தால் கிளம்பாது. வண்டியின் இந்தக் குறைகளையெல்லாம் எல்லோரிடமும் சொல்வேன். என் குறையைத்தான் சொல்லவில்லை.

ஒரு ஆடி மாதம் என் மனைவியின் அண்ணனை அருவிக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து அச்சுப்போல இருக்கும்; கல்யாணக் கடிதம் எழுத கடையம் ஊரிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். குளித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றியதில் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று.

“தள்ளுங்க மாப்ளே, நான் ஒரு சுத்து சுத்திப் பாக்கேன்” என்றார்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். தீப்பொறி முந்தி விழுவதையும் பிந்தி விழுவதையும் மாற்ற ஸ்டியரிங்கில் ஒரு லிவர் உண்டு. கிளப்பும்போது பிந்தித்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் ஹேண்டிலைத் திருப்பி உதைக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், எப்படியாவது பிடித்துக்கொள்ளட்டும் என்ற எரிச்சலில் லிவரை முந்தி விழும் பக்கம் தள்ளினேன்.

ஒரே வெடிப்பு. “அய்யோ” என்று அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

ஓடிப்போய்த் தூக்கினேன். “கட்டவிரல வளைச்சுப் பிடிச்சிட்டீங்களே அத்தான்” என்றேன். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடித்தால், உதைக்கும்போது கை முறியும் என்பார்கள். அந்த நேரத்தில் எப்படி அது வாயில் வந்ததோ! பிறகு வண்டிக்குள் கைவிட்டு லிவரைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன்.

எலும்பு கோணலாகக் கூடியது. பேனா பிடித்தால் விரல்கள் நடுங்கின. கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், “நாந்தான் பிடிக்கத் தெரியாமப் பிடிச்சிட்டேன்” என்பார். நானும் கூடவே நின்று தலையாட்டியிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கடிதங்களை வேறொருவர் எழுத, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கோணல் மணிக்கட்டை இடது கையால் தடவிப் பார்த்தார். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? வண்டின்னா உதைக்கத்தான் செய்யும்னு விட்டிருப்பேன். இத்தன வருசமா என்னைய நானே ஏசிக்கிட்டுல்லா கெடந்தேன்” என்றார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை. உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து கடிதத்தைச் சொல்லத் தொடங்கினார்.